படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் பராமரிப்புத் தேடியபோது

பக்கவாதத்தால் அம்மாவின் வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் குழறிப்போன பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் மாடிவீட்டிலேயே அவரை வைத்துப் பார்ப்பதா, இல்லமொன்றில் சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரதேச செயலகத்தில் விசாரித்தபோது அரச முதியோர் இல்லங்கள் எங்களைப் போன்றவர்களுக்கானவை அல்ல என்பது தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே வைக்கிறது. பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத்தான் அரசு தங்குமிடம் அளிக்க வேண்டும் என்கிறது. அது நியாயமே. ஆனால் பகலில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளைகள், எழுந்திருக்க முடியாத தாயை எப்படிக் கவனிப்பது என்பதற்கு அதில் விடையில்லை.

தனியார் இல்லங்கள் சிலவற்றையும் பார்த்தோம். தானாக எழுந்து கழிவறைக்குப் போகக்கூடியவர்களையே அவற்றில் பெரும்பாலானவை ஏற்றன. அம்மாவை ஏற்க முன்வந்த ஓர் இல்லத்திலோ இரவுக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. குழறும் பேச்சை வீட்டாராலேயே விளங்கிக்கொள்ள முடியாத நிலையில், அங்கே அவரை விட்டுவர எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

முகவர் நிறுவனமொன்றின் மூலம் வந்த முதல் பராமரிப்பாளர் அன்பானவர்தான், ஆனால் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அம்மாவின் முதுகடியில் தோல் சிவந்ததைக் கண்ட இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவும், குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி தலையணை வைக்கவும், நிமிர்த்தி உட்காரவைத்தே உணவூட்டவும், உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதிருக்கவும் எங்கள் எல்லோருக்கும் செய்து காட்டினார். அடுத்தவரைத் தெரிவுசெய்தபோது சான்றிதழைப் பார்த்ததோடு நிற்காமல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அம்மாவை மாற்றிக் காட்டும்படி கேட்டோம். பலமுள்ள இடப்பக்கமாக நாற்காலியை வைத்து, கையைப் பிடித்திழுக்காமல் இடுப்பைத் தாங்கி எழுப்பினார். ஹட்டனைச் சேர்ந்த அந்தப் பெண்தான் இன்றுவரை எங்களுடன் இருக்கிறார்.

பயிற்சி பெற்ற பலர் இஸ்ரேலுக்குப் பராமரிப்பாளர்களாகப் போய்விடுவதால், இங்கே நல்லவர் ஒருவர் கிடைப்பது கடினம். கிடைத்தவரை இருத்திக்கொள்வது அதைவிடக் கடினம். ஆகவே நாம் செலுத்தும் மாதக் கட்டணத்தில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது, ஓய்வுநாள் உண்டா, அந்நாளில் மாற்றாள் யார் என்பவற்றை முகவரிடம் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.