பைப் ரெஞ்ச் போட்டு இழுத்தாலும் ஆடாத பட்டறை மேசை, நாட்டு மரத்துல செய்யணும்

பாமணியாறு (மன்னார்குடி):
பம்ப்செட், பவர் டில்லர் வேலைக்கு மேசை. நீளம் 6 அடி, அகலம் 2¼ அடி, மேல 6 இன்ச் வைஸ் (பைப்பை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி). இப்ப இருக்கிறது 3 இன்ச் கால், ஆணி அடிச்ச சட்டம். பைப் ரெஞ்சை மாட்டி இழுத்தா மேசையும் கூடவே வருது. காலை 5 இன்ச் ஆக்கினா நிக்குமா? மரவாடியில வேம்பு, வாகை, பூவரசு இருக்கு. தரை பாதி சிமெண்ட், பாதி மண். அளவோட சொல்லுங்கண்ணே.

இழைப்புளி (கும்பகோணம்):
தம்பி, 5 இன்ச் கால் போட்டா மரச்செலவுதான் கூடும். ஆட்டம் பிறக்கிறது காலும் சட்டமும் சேர்ற மூட்டுல. ஆணி ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கத்து நாரை நசுக்கும், துளை பெருசாகும், அப்புறம் எத்தனை ஆணி அடிச்சாலும் பிடிக்காது.

கால் 4×4 இன்ச், 32 இன்ச் உயரம். மேல 2 இன்ச் பலகை, ஆக மொத்தம் 34. வைஸ் வாய் உங்க முழங்கை மட்டத்துக்கு வரணும், அதுதான் கணக்கு. அஞ்சரை அடி ஆளுக்கு 34 சரியா இருக்கும். உயரமானவரா இருந்தா காலை ஒரு இன்ச் கூட்டிக்குங்க.

சட்டம் எல்லாம் 4×2, 4 இன்ச் பக்கம் நிமிர்ந்து நிக்கணும். குறுக்குச் சட்டம் நாலுக்கும் (மேல ரெண்டு, கீழ ரெண்டு) ரெண்டரை இன்ச் நாக்கு, அதாவது துளைக்குள்ள நுழையுற முனை, எடுத்து, காலில துளை வெட்டி, பசை போட்டு இறக்கி மூங்கில் ஆப்பு அடிச்சிடுங்க. அது நிரந்தரம். நீளச் சட்டம் நாலுக்கும் அரை இன்ச் நாக்கு போதும், பசை வேண்டாம். 12 மி.மீ. போல்ட், 8 இன்ச் நீளம், மூட்டுக்கு ஒண்ணா 8 எண்ணம். கால் வெளிப்பக்கத்திலேருந்து துளை போட்டு சட்டத்தோட முனைக்குள்ள இறக்குங்க. சட்டத்தோட உள்பக்கம், காலிலேருந்து 3 இன்ச் தள்ளி உளியால ஒரு குழி வெட்டி, அதுல சதுர வாஷரும் நட்டும். மழைக்காலம் முடிஞ்சு மரம் சுருங்கினதும் ஸ்பேனரை வச்சு அரைச் சுத்து முடுக்கினா மேசை பழையபடி கெட்டியாயிடும். ஆணிக்கு அந்த வழியே கிடையாது.

பலபேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு: குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் ஒரே உயரத்துல வந்தா போல்ட் துளை நாக்கை நடுவுல வெட்டிடும். நீளச் சட்டத்தை 4 இன்ச் இறக்கி வைங்க.

மரம்: காலுக்கு 1.2 கன அடி, சட்டத்துக்கு 1.4, மேல்பலகைக்கு 2.25. கழிவோட 6 கன அடி சொல்லுங்க. வேம்புல செஞ்சா மேசை மட்டும் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். அந்த எடை உங்க பக்கம்தான் வேலை செய்யும். கீழ்ச் சட்டத்துல பலகை போட்டு பழைய மோட்டார் பாடிகளை அடுக்கினா இன்னும் நல்லது.

வெட்டாறு (நாகூர்):
மூட்டு விஷயத்துல அண்ணன் சொன்னதுதான் சரி. மரத்தைப் பத்தி நான் சொல்றேன். மரவாடியில நேத்து அறுத்த வேம்பை வாங்கி இன்னிக்கு நாக்கு வெட்டினா, பங்குனி வெயில்ல அதே நாக்கு துளைக்குள்ள கடகடன்னு ஆடும். வேம்புல நார் பின்னிக் கிடக்கும், பச்சையில அறுத்தா முறுக்கிக்கும். வைரம் பாய்ஞ்ச பாகமா கேளுங்க. வெளிறு (வெளிப்பக்கத்து வெளுத்த மரம்) இருந்தா உளுத்துப் போகும்.

பலகையை நிழல்ல அடுக்கி, 2 அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) நடுவுல கொடுங்க, முனையில பெயிண்ட் அடிங்க. ஒரு துண்டை அறுத்து வாரம் ஒருமுறை தராசுல போடுங்க. எடை இறங்குறது நின்னாதான் காய்ஞ்ச கணக்கு. அவசரம்னா, இடிச்ச ஓட்டு வீட்டு உத்திரம், கைமரம் வாங்குங்க. பல வருஷம் காய்ஞ்ச மரம். அறுக்குறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு ஆணியைத் தேடிடணும், இல்லைன்னா ரம்பப் பல் போயிடும்.

மேல்பலகை 9 இன்ச்சுல மூணு. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல 27 இன்ச் அகலம் கால் இன்ச் வரைக்கும் உப்பும். முன்பலகையை மட்டும் இறுக்கிப் போடுங்க. பின்னாடி ரெண்டுக்கும் துளையை நீள்வட்டமா எடுத்து வாஷரோட ஸ்க்ரூ போடுங்க, பலகைக்கு நடுவுல ஒரு நூல் (1/8 இன்ச்) இடைவெளி விடுங்க. எல்லாத்தையும் இறுக்கிட்டா பலகை வெடிக்கும், இல்லைன்னா சட்டத்தை வெளியே தள்ளும்.

பாமணியாறு:
வைஸை சரியா கால் மேலேயே வைக்கலாமா? மண் தரையில எப்படி நிறுத்துறது?

இழைப்புளி:
கால் மேல வச்சா அடியில நட்டுக்கு இடம் இருக்காது. காலை ஒட்டி உள்பக்கம் வைங்க, போல்ட் மேல்சட்டத்துல மோதாத மாதிரி முதல்லயே குறிச்சுக்குங்க. அடியில 6 மி.மீ. இரும்புத் தகடு, அதுல துளை போட்டு 12 மி.மீ. போல்ட். வெறும் வாஷர் மரத்துக்குள்ள புதைஞ்சு போகும். வைஸோட அசையாத வாய் பலகை விளிம்பைவிட ஒரு நூல் வெளியே நிக்கணும், அப்பதான் நீள பைப்பை நேரா கீழே தொங்கவிட்டுப் பிடிக்கலாம்.

வெட்டாறு:
மண் தரை நம்ம பக்கம் பெரிய வில்லங்கம். களிமண் மழையில உப்பும், கோடையில வெடிக்கும். ஒரு கால் இறங்கினா மேசையே முறுக்கிக்கும். முடிஞ்சா நாலு காலும் சிமெண்ட் பக்கமே வரட்டும். முடியலைன்னா மண் பக்கத்துக் காலுக்கு ஒன்றரை அடி தோண்டி, ஜல்லி போட்டு இடிச்சு, மேல 1 அடி சதுரத்துக்கு கான்கிரீட் போடுங்க. தரையைவிட 3 இன்ச் தூக்கி நிக்கணும், தண்ணி ஏறினாலும் மரம் நனையாது.

காலோட அடி முனைதான் ஈரத்தை உறிஞ்சும். அங்க அரால்டைட் (எபாக்ஸி பசை) ரெண்டு கோட் தடவி, ஒரு துத்தநாகத் தகடு வச்சு நிறுத்துங்க. தகடு காலைவிட எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் நீட்டி, கீழ்நோக்கி மடிஞ்சிருக்கணும். கரையான் மண்புத்து கட்டி அதைச் சுத்தி வந்தா கண்ணுக்குத் தெரியும், தட்டிவிட்டுடலாம். மேசையைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, சுவர் வழியா ஏறிடும். 3 இன்ச் தள்ளி ஆங்கிள் துண்டால சுவர்ல பிடிச்சா, ரெஞ்ச் இழுப்புக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை.

மேல ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறதா இருந்தா, தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அது தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப்போடுங்க.