காம்போசிட்: கலவையா, கூட்டா, பொதிகரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

லித்தியம் மின்கலத்துக்காகச் சிலிக்கானையும் கார்பனையும் பிணைத்துச் செய்யும் சிலிக்கான்-கார்பன் காம்போசிட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடிய நம் உரையாடலில், 'கரிமக் கலவை' என்று ஐயா ஒருவர் தந்த சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருளுக்குத்தான் ஒட்டவில்லை.

முதலில் 'கலவை'. உப்பையும் மணலையும் கலந்தாலும் கலவைதான். லித்தியம் மின்கலத்தின் மின்முனைக்கு அது போதாது. அதில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டம் தாங்கும், சிலிக்கான் ஏறத்தாழ 3,580. ஆனால் லித்தியம் ஏற ஏறச் சிலிக்கான் கிட்டத்தட்ட நான்கு மடங்காகப் பருக்கும். இறங்கும்போது சுருங்கும். நாலைந்து சுற்றில் வெடித்துப் பொடியாகிவிடும். 150 நானோமீட்டருக்குக் கீழான துகள் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் என்றாலும், மின்பகுளி அதன் மேல் படாமலிருக்க ஒரு போர்வை வேண்டும், மின்சாரம் போய்வர வழியும் வேண்டும். இரண்டையும் கார்பன் தருகிறது. வெறுமனே பக்கத்தில் கிடந்தால் தராது, கவ்விக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவனாக இருந்தபோது இதைச் செய்திருக்கிறேன். சர்க்கரைக் கரைசலில் நானோ சிலிக்கானைக் கலக்கி, தண்ணீர் வற்றும்வரை கிண்டினால் பழுப்பாக ஒரு பாகு வரும். அதைக் குழாய் உலையில் வைத்து, காற்றுப் படாமலிருக்க ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, 700 டிகிரிக்குக் கொண்டுபோனால் கறுத்துப் பொரிந்த கட்டியாக வெளியே வரும். ஒருமுறை ராத்திரியில் ஆர்கான் தீர்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. காலையில் படகுக் கிண்ணத்தைத் திறந்தால் கறுப்பையே காணோம், வெளிறிய பொடிதான் மிச்சம். கார்பன் அத்தனையும் எரிந்து போயிருந்தது.

அடுத்து 'கரிம'. கரிம வேதியியல் என்று பள்ளியிலேயே படித்துவிட்டதால், அந்தச் சொல் சர்க்கரைக்குப் பொருந்தும். உலையிலிருந்து வெளியே வருவதற்குப் பொருந்தாது. அது கரி, அவ்வளவுதான். இன்னொரு வசதியும் உண்டு: இங்கே கார்பன், இலங்கைப் பாடநூலில் காபன். கரி என்றால் இரண்டு கரைக்கும் பொது.

'சேர்மம்' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. வெப்பத்தை மிக ஏற்றிவிட்டால் இரண்டும் உண்மையிலேயே சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிவிடும். அது சேர்மம். லித்தியத்தை ஏற்பதில் ஏறக்குறைய உதவாக்கரை. சேராமல் சேர்ந்திருப்பதுதான் இந்தப் பொருளின் சூட்சுமமே.

அதனால் பொதுச்சொல்லாகக் 'கூட்டு' என்பேன். பூசணிக் கூட்டில் பருப்பு பருப்பாக, காய் காயாகத் தெரியும், ஆனாலும் ஒரே பண்டம். கூட்டுப் பெருங்காயம் இன்னும் நெருக்கம்: பெருங்காயத்தை மாவும் கோந்தும் பிடித்து வைத்திருக்கின்றன. 'கரிக்கூட்டு' என்று சொன்னதும் எங்கள் வீட்டில் "என்ன காய் போட்டது?" என்று கேட்டார்கள். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட ஊரில் இந்தக் கேலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், கூட்டுக்குள்ளும் வகை உண்டு. துகள் கரிக்குள் புதைந்திருப்பதற்கு முதலில் 'கரி பொதிந்த சிலிக்கான்' என்று எழுதி வைத்திருந்தேன். தலைகீழ்! 'பொருள் பொதிந்த சொல்' என்கிறோம், பொருள் உள்ளே, சொல் வெளியே. அப்படியானால் கரி உள்ளே போய்விடுகிறது. திருப்பிப் போட்டேன்: சிலிக்கான் பொதிகரி. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 'பொதிக்கரி' என்று எழுதினால் மூட்டை கட்டிய அடுப்புக்கரி ஆகிவிடும், எழுதும்போது கவனம்.

மேலே மெல்லிய தோல் மட்டும் இருந்தால் பொதிகரி வேண்டாம், 'கரிப்பூச்சு' போதும். விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு 1997இல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட், மின்கலத்தின் நேர்முனைக்கு நல்ல பொருள், மின்கடத்தல்தான் மோசம். பிறகு அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவர உதவியவற்றில் இந்தப் பூச்சும் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சூய் என்பவரின் குழு 2014இல் காட்டிய வடிவத்துக்குத் தனிச்சொல்லே கேட்கலாம்: ஒவ்வொரு சிலிக்கான் துகளுக்கும் பருக்க இடம் விட்டு ஒரு கரிக்கூடு, பல கூடுகளைச் சேர்த்து வெளியே தடித்த கரித்தோல். அவர்களே மாதுளம்பழத்தோடுதான் ஒப்பிட்டார்கள். 'மாதுளைப் பொதிகரி' என்றால் படம் போட்டுக் காட்டவே வேண்டியதில்லை.

தாமிரத் தகட்டில் பூசுவதற்குத் தோசைமாவுப் பதத்தில் கரைக்கிறோமே, அந்த ஸ்லரிக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'குழம்பு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே கூட்டும் கரியும் வந்துவிட்டன.