தர்மண்டில் ரோடே இல்லையா?

கேள்வி: அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் தர்மண்ட் ஊர் போட்டோவில் கடைவாசலை ஒட்டியே தண்டவாளம் ஓடுது. ரோடு எங்கேங்க? ஊர் ஏன் காலியாச்சு?

பதில் 1: முன்பக்கம் ரோடே கிடையாது. நியூ ரிவருக்கும் மலைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தை ரயில் எடுத்துக்கிச்சு. பேங்க், கடை எல்லாம் தண்டவாளத்தைப் பார்த்துக் கட்டினாங்க.

பதில் 2: பிழைப்பே நீராவி இன்ஜின்தான். 1922ல் கட்டின கான்கிரீட் நிலக்கரி கோபுரம் 500 டன் கொள்ளும், இன்னும் நிக்குது. கீழே இன்ஜினை நிறுத்தி, சரிவுத் தகட்டை இறக்கினா டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னாடி நிலக்கரி சுமக்கிற வண்டி) ரொம்பும். தண்ணி பிடிக்க, சாம்பல் வார, கொதிகலன் கழுவன்னு தனித்தனி ஆள் வேணும். டீசலுக்கு இதெல்லாம் எதுக்கு? வேலை போச்சு, ஊரும் போச்சு.

பதில் 3: அதுக்கு முன்னாடியே, 1930ல், டன் கிளென் ஹோட்டல் எரிஞ்சதும் ஒரு அடி. 2020 கணக்கெடுப்பில் 5 பேர்! போறவங்க கவனம்: சரக்கு ரயில் இன்னும் ஓடுது, தண்டவாளத்தில் நின்னு செல்ஃபி வேண்டாம்.