ஒரே கேபிளில் இரண்டு 8 பின்: 3080க்குப் போதுமா?

கேள்வி – குமிழி

செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கார்டில் பவருக்கு இரண்டு 8 பின் சாக்கெட். என் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குப் பவர் தரும் பெட்டி) 750 வாட், மாடுலர், அதாவது கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அதோடு வந்த ஒரே கேபிளின் முனையில் இரண்டு 8 பின் தலை இருந்ததால் அதையே இரண்டிலும் செருகிவிட்டேன். ஒரு மணி நேரம் கேம் ஆடிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் ஒயர் வெதுவெதுப்பாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிய இடம் அதைவிடச் சூடு. 8 பின்னுக்கு 150 வாட்தான் கணக்கு என்கிறார் ஒருவர், 300 கூடத் தாங்கும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் ஒன்று வீட்டில் கிடக்கிறது, வேறு கம்பெனி. அதை இரண்டாவதாகப் போடலாமா?

பதில் – நள்ளிரவு

அந்தப் பழைய கேபிளை மட்டும் போட்டுவிடாதீர்கள். கார்டு பக்கத்து 8 பின்னுக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் கிரவுண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே மாறும். கச்சிதமாக உட்காரும், சுவிட்சைப் போட்டதும் கார்டு போய்விடும்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. விதிப்படி 8 பின் 150 வாட், 6 பின் 75, மதர்போர்டு ஸ்லாட் 75. 8 பின்னில் 12 வோல்ட் வருவது மூன்று ஒயரில்தான். 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், ஒயருக்கு நாலு ஆம்பியர் சொச்சம். நல்ல பின்னும் 18 கேஜ் (ஒயரின் தடிமன்) ஒயரும் 7 ஆம்பியர் வரை தாங்கும், மூன்றுக்கும் சேர்த்து 250 வாட் சொச்சம்; 300 என்பது அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது. ஆனால் உங்கள் கார்டு 320 வாட். ஸ்லாட்டில் 60 போனாலும் மீதி 260, அதாவது கிட்டத்தட்ட 22 ஆம்பியர். கார்டு பக்கம் அது இரண்டு தலையாகப் பிரிந்துவிடுகிறது, எஸ்எம்பிஎஸ் பக்கம் மொத்தமும் ஒரே கனெக்டர் வழியாக வருகிறது. அங்கே சூடு அதிகம் இருப்பது அதனால்தான். 3080 ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு 320ஐத் தாண்டிக் குதிக்கும் கார்டு வேறு.

பதில் – சர்வீஸ் கடை

தம்பி, ஒயரைவிடப் பின்னைப் பாருங்கள். போன மாதம் ஒரு மெஷின் வந்தது, கேபினட்டைத் திறந்ததுமே கருகல் வாடை. கேபிள் நன்றாகவே இருந்தது. கனெக்டரில் ஒரே ஒரு பின் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பின்வாங்கிப் போய், அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. பின்கள் தொடுகிற இடத்தில் மின்தடை 5 மில்லி ஓம் இருந்தால் 7 ஆம்பியரில் கால் வாட் சூடுதான். பிடிப்புத் தளர்ந்து 40 ஆனால் அதே இடத்தில் இரண்டு வாட், அதுவும் கடுகளவு உலோகத்தில். சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் தரும் கனெக்டர்) 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரும் வேண்டவே வேண்டாம். சாட்டா பவர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், வெறும் 54 வாட்.

பதில் – தூறல்

அண்ணா, அப்படியானால் புது கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் எப்படி 600 வாட் தாங்குகிறது?

பதில் – நள்ளிரவு

தாங்குகிறது, ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். 600 வாட் என்றால் 50 ஆம்பியர், 12 வோல்ட் வரும் ஆறு பின்னுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 8.3, ஒரு பின் தாங்கும் அளவோ 9.5. பழைய 8 பின்னில் இருந்த தாராளம் இதில் இல்லை. 2022 அக்டோபரில் இந்த 16 பின்னோடு ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே உருகிய கனெக்டர் படங்கள் வர ஆரம்பித்தன, அவற்றில் முழுதாக உள்ளே போகாதவையும் இருந்தன. 2023ல் வந்த 12வி-2×6 என்ற திருத்திய வடிவத்தில், எவ்வளவு பவர் எடுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள்; சரியாகச் செருகாவிட்டால் கார்டு முழு பவர் எடுக்காது. அது நல்ல திருத்தம். ஆனால் 5090 கார்டு 575 வாட் இழுக்கிறது, ஆறு பின்னும் கார்டுக்குள் போனதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன, எனவே ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும், கார்டுக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் பின் தாங்கும் அளவுக்கும் கார்டு இழுக்கும் அளவுக்கும் இவ்வளவு குறைந்த இடைவெளியை அனுமதித்ததே தவறு.

குமிழி

எஸ்எம்பிஎஸ் கம்பெனியிடமே மாடல் நம்பர் சொல்லி இரண்டாவது கேபிள் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை பவர் லிமிட்டை 75 சதவீதத்தில், அதாவது 240 வாட்டில் வைத்துவிட்டேன். கழற்றிப் பார்த்ததில் பின்கள் எல்லாம் சமமாக இருக்கின்றன, நிறம் மாறவில்லை. நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் தொட்டேன், லேசான சூடுதான்.