பீட்ரூட் சாயம் பருத்தியில் ஏன் நிற்கவில்லை?

மாடித்தோட்டம்:
பேத்திக்குப் பாவாடை தைக்க 2 மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணி வாங்கினேன். ஒரு கிலோ பீட்ரூட்டைக் கொதிக்கவைத்து, உப்பும் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். பானையில் பார்க்க என்ன அழகு! ஒரே அலசலில் எல்லாம் போய், பழைய பனியன் நிறத்தில் நிற்கிறது. ஒரு துண்டை மஞ்சளில் முக்கினேன். பிடித்தது, ஆனால் சோப்பு பட்டதும் சிவந்துவிட்டது. எங்கே தப்பு?

சாயப்பானை:
தப்பு உங்கள் கையில் இல்லை, பீட்ரூட்டில். அந்த நிறம் தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போய்விடும், சூட்டையும் தாங்காது. உப்பு, வினிகர் எதுவும் அதைப் பருத்தியில் கட்டிப்போடாது.

மஞ்சள் நேரடியாகவே பிடிக்கும், வெயில்தான் ஆகாது. சோப்பின் காரத்தில் சிவந்தது, சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே கதை. எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அலசுங்கள், மஞ்சள் திரும்பிவிடும்.

பட்டு லேசில் சாயம் வாங்கிவிடும், பருத்தி அப்படி வாங்காது. நான் முதலில் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்துக் கஞ்சியையும் மெழுகையும் எடுத்துவிடுவேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி. பிழிந்து உலர்த்தி, 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் இன்னொரு ராத்திரி. அப்புறம்தான் சாயம். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பிடிக்கும், துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கும், படிகாரத்தை நிறம் பிடிக்கும். பாவாடைக்குச் சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சிட்டி வாங்குங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளுக்குச் சிவப்பு தந்தது சாயவேர். இப்போது அது சுலபத்தில் கிடைப்பதில்லை.

எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம்! கடுக்காய் ஏற்றிய வேட்டியை ஒருமுறை அதில் போட்டேன். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கருஞ்சாம்பலாகிவிட்டது. வீட்டில் இன்றும் அதற்கு ‘அமாவாசை வேட்டி’ என்று பெயர்.

தறிச்சத்தம்:
அவுரிக்கும் கடுக்காய், படிகாரம் வேண்டுமா?

சாயப்பானை:
வேண்டாம். அது வேறு ஜாதி. அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தொட்டியில் புளிக்கவைத்தால்தான் கரையும். துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். எத்தனை முறை முக்குகிறோமோ அத்தனை அழுத்தம்.

மாடித்தோட்டம்:
மஞ்சிட்டி தூளாக வாங்கவா, குச்சியாகவா?

சாயப்பானை:
நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகக் கேளுங்கள். நீங்களே ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து போடுங்கள். தூள் ஒட்டினால் பாவாடை முழுக்கப் புள்ளி விழும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.