எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்? சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் கடை அடைக்கிற நேரத்தில் ஒருவன் தம்பியின் கழுத்தில் கத்தி வைத்தான். தழும்பு இன்னும் இருக்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பதற்கான தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. இங்கே தற்காப்புக்குத் தரும் 13-ஆம் பிரிவு உரிமத்தில் ஒரே ஒரு துப்பாக்கிதான், தப்பாக வாங்கிவிடக் கூடாது. சுடும் பயிற்சி ரேஞ்சில் பார்த்த கிளாக் 19-க்கு 15 தோட்டா, பிடி கைக்கு அடக்கம். ஆனால் டர்பன் வெயிலுக்குப் போடும் மெல்லிய சட்டையில் புடைத்துத் தெரிகிறது. சட்டப்படி முழுக்க மறைந்திருக்க வேண்டுமே! கிளாக் 43எக்ஸ் ஒல்லி, 10 தோட்டா. மனைவிக்கு .38 ரிவால்வர்தான் பிடித்திருக்கிறது. எனக்கு இந்த கிளாக் மாதிரி 9 எம்எம்மில்தான் மனசு நிற்கிறது.

தினமும் இடுப்பில் வைத்திருப்பவர்களே, குனிந்து அரிசி மூட்டை தூக்கும்போது எது உறுத்தாது? துப்பாக்கி உறை தோலா, கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கா?