செகண்ட் ஹேண்ட் கார் தேடி மூன்று மாதம் போய்விட்டது, நேரில் போகும் முன்பே கழித்துக்கட்ட வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். இதுவரை 11 கார் நேரில் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடத் தேறவில்லை. பழைய கார் என்றால் கீறல் இருக்கும், சின்னச் சின்ன வேலை இருக்கும், அது தெரிந்துதான் தேட ஆரம்பித்தேன். என்னால் தாங்க முடியாதது பொய்தான். ‘ஒரே ஓனர்’ என்று விளம்பரத்தில் இருக்கும், போய்க் காகிதத்தைப் பார்த்தால் மூன்று பேர் கை மாறியிருக்கும். போன வாரம் பார்த்த வண்டியில் மீட்டர் 42,000 கி.மீ. காட்டியது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் உறை உரிந்து, டிரைவர் சீட் ஒரு பக்கமாக அமுங்கிக் கிடந்தது. கேட்டால், வெயிலிலேயே நின்ற வண்டி என்கிறார். வெயில் பெடலைத் தேய்க்குமா?

ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு, கூட வரும் மெக்கானிக்குக் கூலி வேறு. அம்மாவை வாராவாரம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத்தான் இந்தக் கார், புதிது வாங்க வசதியில்லை. போனிலேயே என்ன கேட்டால் தேறாததைக் கழிக்கலாம்?

பதில் 1:
நண்பரே, உங்கள் அலைச்சல் புரிகிறது, நானும் பட்டிருக்கிறேன். முதலில் சேஸிஸ் நம்பரையும் (வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்) பதிவுக் காகிதத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நம்பரில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்க வேண்டும், ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது, 1, 0 இவற்றோடு குழம்பும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். அனுப்பத் தயங்குகிற ஆளிடம் போகவே வேண்டாம்.

அப்புறம் நான்கு டயரின் பக்கவாட்டையும் கிட்டத்தில் படம் கேளுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. வண்டி 20,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார், ஆனால் நான்கு டயரும் வண்டியைவிட ரொம்பப் புதிது என்றால், ஏன் மாற்றினார் என்று கேட்க வேண்டும். சரியான காரணம் இருக்கவும் கூடும், ஆனால் பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ‘நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கிளம்பத் திணறுவது, உள்ளே கடகடவென்ற சத்தம், புகை எல்லாம் வெளியே வரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நிற்காமல் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எஞ்சினுக்குள் கசிந்து எரிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நான் முதலில் வாங்கிய கார் சூடாகத்தான் இருந்தது, ‘இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன்’ என்றார்கள், நம்பினேன். இரண்டாம் மாதமே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. மெக்கானிக்கிடம் ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது, வாங்குபவர் வருவதற்கு முன் கோளாறுக் குறிப்பை அழித்துவிடுவார்கள். அப்படி அழித்தால் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனரில் நிற்கும், சில நாள் ஓடினால்தான் முடியும். பாட்டரி கழற்றினாலும் அப்படி வரும், ஆனால் தினமும் ஓட்டுகிறேன் என்கிறவர் வண்டியில் வரக்கூடாது.

பதில் 3:
நான் விற்றவன், அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். 9 வருடம் ஒரே ஆளாக ஓட்டி, ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் எடுத்து வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் நானும் பொய் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டு அடிமட்ட விலை கேட்டார்கள். கடைசியில் வெறுத்துப்போய் என் மைத்துனருக்கே கொடுத்துவிட்டேன். 1970-லேயே ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். எது நல்ல வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாததால் சராசரி விலைதான் தருவார், அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், மோசமானதுதான் சந்தையில் தங்கும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதனால் சொல்கிறேன், விளம்பரத்தை விட்டுவிட்டு உறவு, அலுவலகம், உங்கள் மெக்கானிக்கிடம் வழக்கமாக வண்டி விடுபவர்கள் என்று விசாரியுங்கள். பில் வைத்திருப்பவர் கிடைத்தால் நியாயமான விலையைக் கொடுத்துவிடுங்கள், ரொம்ப அடிக்காதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்று நான்கு பேரிடம் சேஸிஸ் நம்பர் கேட்டேன், இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள், ஒருவர் ‘நேரில் வாங்க பார்க்கலாம்’ என்றார். நாலாவது ஆள் ஐந்து நிமிடத்தில் எல்லாப் படமும் அனுப்பினார். மெக்கானிக்கிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை போகிறோம். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அங்கே யாரும் கழுவ மாட்டார்கள். பிறகு ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடிக்குழியையும், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கீழ்க் கம்பியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் அன்றே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.